ஒரு போன் இன்னொரு நெட்வொர்க்குக்கு எப்போது வரும்? வெரைசான் ஐபோன் கதையை வைத்து ஒரு விளக்கம்

2007-லிருந்து 2011 தொடக்கம் வரை அமெரிக்காவில் செல்போனைப் பற்றிப் பேசிய எல்லோரும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்: வெரைசானுக்கு ஐபோன் எப்போது வரும்? அப்போது ஐபோனை அங்கே ஏடி அண்ட் டி என்ற ஒரே நெட்வொர்க் நிறுவனம்தான் விற்றது. வெரைசான், ஸ்பிரிண்ட், டி-மொபைல் என்ற மற்ற மூன்று பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். "பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது", "அடுத்த ஜூனில் நிச்சயம்" என்று செய்தி கிளம்பும், அடங்கும், மறுபடி கிளம்பும்.

அந்த ஊகங்களில் பெரும்பாலானவை, இரண்டு நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே போன் கடைக்கு வந்துவிடும் என்பது போலவே பேசின. இன்றும் புது போன் எந்தெந்த நெட்வொர்க்கில் வரும் என்ற பேச்சு அப்படித்தான் நடக்கிறது. உண்மையில் அங்கே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த நெட்வொர்க்கின் அலைகளோடு பேச போனுக்குள் வசதி இருக்கிறதா? நிறுவனங்களுக்கு இடையே உள்ள ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறதா? நெட்வொர்க் அந்தப் போனை உள்ளே அனுமதிக்கிறதா? இவை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை தவறான எதிர்பார்ப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பக்கத்திலேயே டவர் இருந்தும் ஏன் வேலை செய்யாது?

சென்னையில் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மீட்டர் கேஜ் தண்டவாளமும் பிராட் கேஜ் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 2004 வரை அங்கே மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடியது. ஒன்றின் அகலம் 1,000 மில்லிமீட்டர், இன்னொன்றின் அகலம் 1,676 மில்லிமீட்டர். ரயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கத்துத் தண்டவாளத்தில் அதை ஏற்ற முடியாது. ரயில்வே அதிகாரி எத்தனை உத்தரவு போட்டாலும் சக்கரம் பொருந்தாது.

அன்றைய அமெரிக்க நெட்வொர்க்குகள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருந்தன. ஏடி அண்ட் டியும் டி-மொபைலும் ஜிஎஸ்எம் வகை. வெரைசானும் ஸ்பிரிண்டும் சிடிஎம்ஏ வகை.

ஒரு டவரைச் சுற்றி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் பேசுகிறார்கள். அந்த டவருக்குக் கிடைத்திருக்கும் அலைவரிசையோ கொஞ்சம்தான். அலைவரிசை என்பது, இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை உள்ள வானொலி அலைகளை நீ பயன்படுத்திக்கொள் என்று அரசு ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கும் பகுதி. அதை எல்லோருக்கும் எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் இரண்டு வகைகளும் வேறுபடுகின்றன. ஜிஎஸ்எம் நேரத்தை வைத்துப் பிரிக்கிறது. ஒரு சேனலை, அதாவது அலைவரிசையின் ஒரு சிறு பகுதியை, எட்டு நேரத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு போனுக்கும் ஒரு துண்டைக் கொடுக்கும். துண்டுகள் மிக வேகமாக மாறி மாறி வருவதால் பேச்சு அறுபடுவது காதுக்குத் தெரியாது. சிடிஎம்ஏ எல்லோரையும் ஒரே நேரத்தில், ஒரே சேனலில் பேச விடுகிறது. ஆனால் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு தனிக் குறியீட்டோடு கலந்து அனுப்புகிறது. உங்கள் போன் தன் குறியீட்டோடு பொருந்துவதை மட்டும் பிரித்தெடுக்கும். மற்றதெல்லாம் அதற்கு வெறும் இரைச்சல்.

இந்த வேலையைப் போனுக்குள் செய்வது பேஸ்பேண்ட் என்ற தனிச் சிப். செயலிகளையும் திரையையும் கவனிக்கும் முதன்மைச் சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, டவரோடு பேசுவதுதான் இதன் வேலை. ஜிஎஸ்எம் மட்டும் தெரிந்த பேஸ்பேண்டுக்கு சிடிஎம்ஏ டவரிலிருந்து வரும் அலை எந்த அர்த்தமும் தராது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஜிஎஸ்எம்மில் நீங்கள் யார் என்ற அடையாளம் சிம் கார்டில் இருக்கிறது. கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் எண்ணும் கூடவே போய்விடும். அமெரிக்க சிடிஎம்ஏவில் அப்போது சிம் கிடையாது. போனின் வரிசை எண்ணே நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கும். நம் ஊரில் 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் போன் என்று கொடுத்ததே, அந்தத் தொடக்ககால போன்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு சிம் போடும் இடமே இல்லாதது ஞாபகம் இருக்கும். அதுவும் சிடிஎம்ஏதான்.

ஆக, 2007-ல் விற்பனைக்கு வந்த ஐபோனை அப்படியே வெரைசான் கடையில் வைத்திருந்தால் அதில் ஓர் அழைப்புகூடப் போயிருக்காது. போனை மாற்றிச் செய்தாக வேண்டும். இது முதல் கேள்வி.

வெரைசானுக்காகவே செய்த ஐபோன்

2011 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் வெரைசானின் லோவல் மெக்காடமும் ஆப்பிளின் டிம் குக்கும் மேடையேறினார்கள். பத்திரிகைகள் ஒன்றைப் போதுமான அளவு நீண்ட நாள் எழுதிக்கொண்டே இருந்தால் அது கடைசியில் உண்மையாகிவிடும் என்ற பொருளில் மெக்காடம் அன்று பேசினார். பிப்ரவரி 10 அன்று கடைகளுக்கு வந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு 16 ஜிபி 199 டாலர், 32 ஜிபி 299 டாலர்.

பெயர் அதே ஐபோன் 4. கையில் எடுத்துப் பார்த்தால்தான் மாற்றங்கள் தெரியும். ஓரத்து எஃகுச் சட்டம்தான் அந்த போனின் ஆன்டெனா. அதில் கறுப்புக் கோடுகளாகத் தெரியும் இடைவெளிகள் இடம் மாறியிருந்தன. அதனால் ஒலியை நிறுத்தும் பொத்தான் சற்றே நகர்ந்தது, முன்பு வாங்கிய சில உறைகள் பொருந்தாமல் போயின. பக்கவாட்டில் சிம் தட்டு இல்லை. உள்ளே பேஸ்பேண்ட் வேறு: ஏடி அண்ட் டி ஐபோன் 4-ல் இருந்தது இன்ஃபினியான் சிப், இதில் இருந்தது குவால்காம் சிப்.

பிரித்துப் பார்த்தவர்களை வியக்க வைத்த விஷயம் அந்தக் குவால்காம் சிப்தான். எம்டிஎம்6600 என்ற அந்தச் சிப்புக்கு சிடிஎம்ஏ, ஜிஎஸ்எம் இரண்டுமே தெரியும். இருந்தும் அந்த போன் ஜிஎஸ்எம் நெட்வொர்க்கில் வேலை செய்யவில்லை. செருக சிம் இடமில்லை, மற்ற பாகங்களும் அதற்காக அமைக்கப்படவில்லை. ஒரு போனில் இந்தச் சிப் இருக்கிறது என்று தெரிந்த உடனே "அப்படியானால் எல்லா நெட்வொர்க்கிலும் வரும்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சிப், ஆன்டெனா, அதற்குத் தக்க வடிகட்டிகள், மென்பொருள் எல்லாம் சேர்ந்து அமைந்தால்தான் ஒரு நெட்வொர்க் கிடைக்கும்.

நெட்வொர்க் வகை மாறினால் போனின் குணமும் மாறும். வெரைசானின் 3ஜி இணையம் தரவுக்கு மட்டுமே உரிய ஒரு சேனலில் ஓடியது, பேச்சு வேறொரு சேனலில். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க அந்த ஐபோனால் முடியாது. வரைபடம் பார்த்துக்கொண்டு போகும்போது அழைப்பை எடுத்தால் இணையம் நின்றுவிடும். ஏடி அண்ட் டியின் 3ஜியில் இந்தச் சிக்கல் இல்லை, விளம்பரங்களில் அவர்கள் அதைத்தான் முன்னிறுத்தினார்கள். வெரைசான் பக்கத்தில் பதிலாக இருந்தது பரவலான சிக்னலும், ஐந்து கருவிகள் வரை இணையத்தைப் பகிரும் ஹாட்ஸ்பாட் வசதியும்.

2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ் வந்தபோதுதான் ஒரே போனுக்குள் இரண்டு வகையும் சேர்ந்தன.

ஒப்பந்தம் என்றால் என்ன எழுதியிருக்கும்?

தொழில்நுட்பம் தயாராக இருந்தாலும் போன் வராமல் போகலாம். இரண்டாவது கேள்வி இங்கே வருகிறது.

ஐபோனைப் பற்றி ஆப்பிள் முதலில் வெரைசானிடமும் பேசியது, நிபந்தனைகள் ஒத்துவராததால் தாங்கள் மறுத்துவிட்டோம் என்று 2007 ஜனவரியிலேயே வெரைசான் தரப்பு யுஎஸ்ஏ டுடே நாளிதழிடம் சொன்னது. அன்றைய பழக்கத்துக்கு அந்த நிபந்தனைகள் புதியவை. போனில் என்ன மென்பொருள் இருக்க வேண்டும், யார் விற்க வேண்டும், எப்படி விற்க வேண்டும் என்பதையெல்லாம் அமெரிக்காவில் நெட்வொர்க் நிறுவனங்களே முடிவு செய்துகொண்டிருந்தன. ஆப்பிள் அந்த அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஏடி அண்ட் டி ஒப்புக்கொண்டது மட்டுமல்ல, தொடக்கத்தில் வாடிக்கையாளர் கட்டும் மாதக் கட்டணத்திலும் ஆப்பிளுக்கு ஒரு பங்கு கொடுத்தது. பதிலுக்கு அதற்குக் கிடைத்தது தனியுரிமை: ஒரு குறிப்பிட்ட காலம் வரை அந்த நாட்டில் வேறு நெட்வொர்க் நிறுவனத்துக்குப் போனைக் கொடுப்பதில்லை என்ற உறுதி.

அந்தக் காலம் எவ்வளவு என்பதை இரண்டு நிறுவனங்களும் அப்போது அறிவிக்கவில்லை. ஊகத்துக்கு முக்கியத் தீனி அதுதான்.

2008-ல் ஐபோன் 3ஜி வந்தபோது கணக்கு மாறியது. மாதக் கட்டணப் பங்கு போய், மானியம் வந்தது. வாடிக்கையாளர் 199 டாலர் கொடுத்து வாங்குவார், போனின் மீதி விலையை நெட்வொர்க் நிறுவனம் ஆப்பிளுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டு மாதக் கட்டணத்தில் அதை மீட்டுக்கொள்ளும்.

அதனால் "வெரைசானுக்கு ஐபோன் கிடைக்கும்" என்பது வெரைசானுக்கு முழுக்க லாபச் செய்தி என்று நினைப்பது சரியில்லை. விற்கும் ஒவ்வொரு போனுக்கும் அது முன்கூட்டியே பணம் இறக்க வேண்டும். இதைத் தெளிவாகக் காட்டியது ஸ்பிரிண்ட். 2011 அக்டோபரில் ஐபோனைப் பெறுவதற்காக, நான்கு ஆண்டுகளில் 1,550 கோடி டாலர் மதிப்புக்கு வாங்குவதாக அது உறுதி கொடுத்தது. அப்போது நஷ்டத்தில் இருந்த நிறுவனத்துக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று முதலீட்டாளர்கள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: வெரைசான் விஷயத்தில் தொழில்நுட்பம், ஒப்பந்தம் என்று இரண்டு தடைகளும் இருந்தன. ஒன்று மட்டும் விலகியிருந்தால் போன் வந்திருக்காது. அப்புறம், ஒப்பந்தம் என்பது கையெழுத்து மட்டுமில்லை, எத்தனை போனை யார் பணத்தில் வாங்குவது என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

டி-மொபைல்: வகை ஒன்றுதான், ஆனாலும் 3ஜி வரவில்லை

எனக்கு இந்தக் கதையிலேயே அதிகம் கற்றுக்கொடுக்கும் பகுதி டி-மொபைல்தான். வெரைசானைப் பற்றி எழுதிய அளவுக்கு இதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பது வருத்தம்.

டி-மொபைலும் ஜிஎஸ்எம் வகை. சிம் போட்டால் ஐபோன் வேலை செய்யும். ஆப்பிள் அவர்களுக்குப் போனைக் கொடுக்காவிட்டாலும், பூட்டு நீக்கிய ஐபோனை வாங்கி டி-மொபைல் சிம்மைப் போட்டுப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். அழைப்பு போகும், குறுஞ்செய்தி போகும். இணையம் மட்டும் 2ஜி வேகத்தில் நகரும். எதிரே டி-மொபைலின் 3ஜி டவர் நின்றாலும் ஐபோனின் கண்ணுக்கு அது தெரியாது.

காரணம் அலைவரிசை. ஏடி அண்ட் டி தன் 3ஜியை 850, 1900 மெகாஹெர்ட்ஸில் நடத்தியது. டி-மொபைலுக்கு 2ஜி 1900-ல் இருந்தது. ஆனால் 3ஜியை அது வைத்தது வேறு இடத்தில்: போனிலிருந்து டவருக்கு 1700, டவரிலிருந்து போனுக்கு 2100. இந்த ஜோடியை 3ஜிக்குப் பயன்படுத்திய நாடுகள் உலகில் குறைவு. ஐபோன் 4-ல் அதற்கான ஏற்பாடு இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழி உண்டு. போனை மாற்றலாம், அல்லது நெட்வொர்க்கையே மாற்றலாம். டி-மொபைல் இரண்டாவதைச் செய்தது. 2011 மார்ச்சில் அதை 3,900 கோடி டாலருக்கு வாங்க ஏடி அண்ட் டி முன்வந்தது, அரசின் எதிர்ப்பால் அந்த ஆண்டு டிசம்பரில் அது கைவிடப்பட்டது. தனியாக நிற்க வேண்டிய நிலை வந்ததும் 2012-ல் டி-மொபைல் தன் 1900 மெகாஹெர்ட்ஸில் 2ஜிக்கு விட்டிருந்த இடத்தைக் குறைத்து, காலியான இடத்தில் 3ஜியை ஏற்றத் தொடங்கியது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் அல்ல, ஊர் ஊராக. அந்த ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிள் மாநாடு நடந்த அரங்கத்தைச் சுற்றி அது இயக்கப்பட்டது. அங்கே போன ஐபோன்காரர்கள் திரையின் மூலையில் 3ஜி என்ற எழுத்தைப் பார்த்தார்கள். போனில் எதுவும் மாறவில்லை, டவரில்தான் மாறியிருந்தது.

2013 ஏப்ரல் 12 அன்று டி-மொபைல் ஐபோன் 5-ஐ நேரடியாக விற்கத் தொடங்கியது. அது விற்ற ஐபோன் 5-ல் டி-மொபைலின் பழைய 3ஜி ஜோடியும் வேலை செய்யும்படி ஆப்பிளும் தன் பக்கம் மாற்றியிருந்தது.

டி-மொபைலுக்கு எப்போது ஐபோன் வரும் என்று 2012-ல் ஊகித்தவர்கள் ஆப்பிளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் டவர்களில் தெரிந்துகொண்டிருந்தது.

பூட்டும் அனுமதியும்

சற்று முன் "பூட்டு நீக்கிய" என்றேன். மூன்றாவது கேள்வி இதிலிருந்து தொடங்குகிறது. பூட்டு என்பது, விற்ற நிறுவனத்தின் சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காதபடி போனின் மென்பொருளில் வைக்கும் தடை. மானியப் பணம் திரும்பி வரும் வரை வாடிக்கையாளர் ஓடிவிடக் கூடாது என்பதற்காக வைப்பது. மென்பொருள் என்பதால் நீக்கலாம். 2014-ல் அமெரிக்கா இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, பூட்டை நீக்கிக்கொள்ளும் உரிமையை வாடிக்கையாளருக்கு உறுதி செய்தது.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். பூட்டை நீக்கினால் போன் எந்த நெட்வொர்க்கிலும் ஓடும் என்று நினைக்கிறார்கள். இல்லாத பேஸ்பேண்ட் வசதியைப் பூட்டு நீக்குவது கொண்டுவராது. 2008-ல் பூட்டு நீக்கிய ஐபோன் டி-மொபைலில் பாதி வேலை செய்தது, வெரைசானில் ஒன்றுமே செய்யவில்லை.

அனுமதி இரண்டு இடத்தில் வாங்க வேண்டும். ஒன்று அரசிடம். அமெரிக்காவில் வானொலி அலை வீசும் எந்தக் கருவியையும் எஃப்சிசி என்ற தகவல் தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது. அந்த ஆவணங்கள் வெளியில் தெரியும் என்பதால்தான் விற்பனைக்கு ஆறு மாதம் முன்பே, 2007 ஜனவரியிலேயே, ஐபோனை அறிவித்துவிட்டதாக ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் விளக்கினார். போனின் படங்களைச் சில காலம் மறைத்து வைக்கச் சொல்லி நிறுவனங்கள் கேட்கலாம். ஆனால் எந்தெந்த அலைவரிசையில் அது சோதிக்கப்பட்டது என்பது சோதனை அறிக்கையில் இருக்கும். ஊகம் செய்கிறவர்களுக்கு நம்பகமான தடயம் இதுதான்.

இரண்டாவது அனுமதி நெட்வொர்க் நிறுவனத்திடம். அவர்கள் தங்கள் டவர்களில் போனைச் சோதித்து, தங்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி தன் 3ஜியை நிறுத்தியபோது இதன் கடுமை தெரிந்தது. அதன்பின் எல்லா அழைப்பும் 4ஜி வழியாகவே போக வேண்டும். 4ஜி அலைவரிசை சரியாக இருந்தும் நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத போன்கள் அங்கே அழைப்புக்குப் பயன்படாமல் போயின.

ஊகச் செய்தியைப் பிரித்துப் படிப்பது

இப்போது அந்தப் பழைய செய்திகளுக்குத் திரும்பினால் அவற்றின் தரம் தானாகவே பிரியும். 2009 ஏப்ரலில் ஆப்பிளும் வெரைசானும் பேசுகின்றன என்று யுஎஸ்ஏ டுடே எழுதியது. பெரிய நிறுவனங்கள் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கும், அது ஒப்பந்தக் கேள்வியை மட்டும் தொட்டது. அதே ஆண்டு இறுதியில் வெரைசான் ஐபோனில் இல்லாத வசதிகளைப் பட்டியல் போட்டு மோட்டோரோலாவின் டிராய்டு என்ற போனுக்குப் பெரிய விளம்பரம் செய்தது. உடனடியாக ஐபோன் வரப்போவதில்லை என்பதற்கு, வந்த வதந்திகளை விட அந்த விளம்பரச் செலவு நல்ல சான்று.

2010 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது வேறு ரகம். சிடிஎம்ஏ ஐபோனை ஆண்டு இறுதிக்குள் பெருமளவில் தயாரிக்கப் போகிறார்கள், வெரைசான் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் விற்கும் என்றது அந்தச் செய்தி. தொழிற்சாலையில் வேறு வகை பேஸ்பேண்டோடு போன் செய்கிறார்கள் என்றால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பணம் செலவழிக்கத் தொடங்கிவிட்டதால் இரண்டாவதும் கிட்டத்தட்ட முடிந்த மாதிரி. நான்கு மாதத்தில் போன் கடைக்கு வந்தது.

2022-ல் இந்தியாவில் நடந்தது

அந்த சிடிஎம்ஏ நெட்வொர்க்குகள் இன்று இல்லை. வெரைசான் தன்னுடையதை 2022 இறுதியில் மூடியது, ஸ்பிரிண்ட் 2020-லேயே டி-மொபைலோடு இணைந்துவிட்டது. வகைச் சண்டை முடிந்துவிட்டது. அலைவரிசையும் அனுமதியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஐபோன் 12, 13, 14 வரிசைகளில் ஒன்றை வாங்கியவர்கள் எல்லோரும் கையில் 5ஜி போனை வைத்திருந்தார்கள். ஜியோவும் ஏர்டெல்லும் பயன்படுத்திய 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அவர்கள் போனில் இருந்தது. சிப் சரி, ஆன்டெனா சரி, ஒப்பந்தத் தகராறும் இல்லை. ஆனாலும் திரையில் 5ஜி வரவில்லை. இந்திய நெட்வொர்க்குகளில் சோதித்து முடித்து, 5ஜியை மென்பொருளில் திறந்துவிடும் வேலை பாக்கி இருந்தது. டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 என்ற ஐபோன் மென்பொருள் பதிப்பு வந்தது. அதைப் போட்ட பிறகுதான், 5ஜி எட்டியிருந்த ஊர்களில் அதே பழைய போன்களில் 5ஜி கிடைத்தது.

ஒரு நெட்வொர்க்குக்காகப் புது போன் வாங்கும் முன் அந்த போனின் மாடல் எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு மாடல் இருக்கலாம். அந்த எண்ணுக்கு உரிய அலைவரிசைப் பட்டியலை நிறுவனத்தின் தளத்தில் எடுத்து, உங்கள் நெட்வொர்க் உங்கள் ஊரில் எதைப் பயன்படுத்துகிறது என்பதோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் போனுக்கு இது இன்னும் அவசியம்.